சேசிஸ்காரரின் பயம்

தனக்குப் பயமாக இருக்கிறது என்று கூச்சமில்லாமல் சொன்ன ஆண்பிள்ளை என்று மதுரையில் நான் பார்த்தது ஒரே ஒருவரைத்தான். திருப்பரங்குன்றம் தாண்டித் திருமங்கலம் போகும் சாலையோரம் தகரக் கொட்டகை போட்டுப் பட்டறை வைத்திருந்தார். லோடு வண்டிகளின் அடிச்சட்டத்தைப் பார்க்கிற சேசிஸ் வேலை. அவரைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னபோது, "எழுதுங்கண்ணே. பேரை மட்டும் போட்ராதீங்க. படிச்சிட்டு எவனாச்சும் தேடி வந்துட்டான்னா?" என்றார். அதனால் பெயர் எழுதவில்லை.

ஆளைப் பார்த்தால் இந்தப் பேச்சு பொருந்தாது. ஆறடி உயரம். காதுவரைக்கும் முறுக்கிய மீசை. இரும்புச் சட்டத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தால் வழியில் நிற்கிறவர்கள் தானாக ஒதுங்குவார்கள். ஆனால் தெருநாய் ஒன்று பட்டறை வாசலில் படுத்திருந்தால், மனைவி வந்து அதை விரட்டும்வரை வெளியில் வரமாட்டார். ஊசி என்றால் பயம். இடி என்றால் பயம். வைகையில் தண்ணீர் ஓடினால் பாலத்தைக் கடக்க மாட்டார்; வருஷத்தில் முக்கால்வாசி நாள் ஆறு காய்ந்து கிடப்பதால் அந்த ஒரு பயத்தால் மட்டும் அவருக்குப் பெரிய தொந்தரவு இருந்ததில்லை. பைக்கில் பின்னால் உட்கார்ந்தால் ஓட்டுகிறவரின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் பயந்தாங்கொள்ளி. "பயந்தாங்கொள்ளி பட்டறைக்கு வழி எது?" என்று கேட்டால் டீக்கடையில் சிரிக்காமல் கை காட்டுவார்கள். அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்ப்பார்.

எனக்குச் செல்லூரில் பாத்திர வாடகைக் கடை. கல்யாணம், காதுகுத்து, பூப்புனித நீராட்டு என்று எந்த விசேஷம் வந்தாலும் அண்டா, தேக்சா, இரும்பு அடுப்பு, நாற்காலி எல்லாம் எங்களிடமிருந்து போகும். வாடகை வண்டி பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், மேலூரில் ஒருவரிடமிருந்து பழைய பிக்கப் ஒன்றை வாங்கினேன். பார்க்கப் பளபளவென்று இருந்தது. பின்னால் இருக்கும் தொட்டிக்கு மேலே உயரமாகக் கம்பிச் சட்டம் அடித்தால் பாத்திரங்களை அடுக்க வசதியாக இருக்கும் என்று ஒருவர் சொல்லி, இவரிடம் கொண்டுபோனேன்.

முதல் நாளே எனக்குப் பொறுமை போய்விட்டது. வண்டிக்கு அடியில் ஒரு போல்ட்டைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. வேறு பட்டறையாக இருந்தால் ஜாக்கியைப் போட்டுத் தூக்கி, ஆள் உள்ளே போய் வந்திருப்பான். இவர் ஜாக்கி போட்டார். பிறகு ரயில் தண்டவாளத்துக்குப் போடுகிற மாதிரி மரக்கட்டை நான்கைத் தூக்கி வந்து, மூலைக்கு ஒன்றாகச் செருகினார். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்தார். அப்புறம் வண்டியைத் தோளால் முட்டித் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. மறுபக்கம் போய் அங்கிருந்தும் முட்டினார். அதன்பிறகுதான் குனிந்தார்.

"என்ன தம்பி, இம்புட்டு எதுக்கு?" என்றேன்.

"பயமா இருக்குண்ணே" என்றார்.

அவ்வளவுதான் பதில். அதில் வெட்கமும் இல்லை, வேடிக்கையும் இல்லை. பசிக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார்.

வெல்டிங் வைப்பதற்கு முன்னால் வண்டியின் பேட்டரியைக் கழற்றி எடுத்துக்கொண்டுபோய்ப் பட்டறையின் கடைசி மூலையில் வைத்தார். அங்கே வைத்தும் மனசு ஆறாமல் அதன்மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடினார். என் வண்டியின் தொட்டிக்கு அடியில் எட்டிப் பார்த்து, "சேசிஸுக்குப் புதுசா கருப்புப் பெயின்ட் அடிச்சிருக்காங்களேண்ணே. தொட்டியைக் கழட்டிட்டு ஒருக்கா பாத்துரவா?" என்றார். மறுநாள் காலையில் எனக்கு ஒரு கல்யாண ஆர்டர். அதற்கெல்லாம் நேரமில்லை, பிறகு பார்க்கலாம் என்றேன். அவர் தலையை ஆட்டினார். ஆனால் நான் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது சாலைவரைக்கும் வந்து, வண்டி கண்ணுக்கு மறைகிறவரை நின்றார். கண்ணாடியில் பார்த்தேன்.

அதன்பிறகு சின்னச் சின்ன வேலைக்கு அடிக்கடி போனேன். அவருடைய பயம் எரிச்சலாக இருந்தாலும் வேலை சுத்தமாக இருந்தது. பேச்சும் நன்றாக இருக்கும். ஒரு நாள், "கார்ல போறவன் சொகுசாப் போறான், நம்ம வண்டி மட்டும் ஏன் தம்பி இப்படித் தூக்கித் தூக்கிப் போடுது?" என்று கேட்டேன். ஒரு மணி நேரம் விளக்கினார்.

காருக்கு அதன் உடம்பே பலம். கூரை, கதவோரம், தரை எல்லாம் சேர்ந்து ஒரே கூடாகப் பாரத்தைத் தாங்கும். பிக்கப் அப்படியில்லை. அதற்கு அடியில் ஏணியைப் படுக்க வைத்தமாதிரி ஒரு சட்டம். நீளவாக்கில் இரண்டு இரும்புச் சானல், நடுநடுவே குறுக்குச் சட்டங்கள். இஞ்சின், ஓட்டுகிறவர் உட்காரும் கேபின், பின்னால் தொட்டி எல்லாமே அந்த ஏணிமேல் உட்கார்ந்திருக்கின்றன. எத்தனை மூட்டை ஏற்றினாலும் கடைசியில் சுமக்கிறது அந்த இரண்டு சானல்தான்.

பிஸ்கட் அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து மேல்மூடியைக் கிழித்துப் போட்டுவிட்டு, இரண்டு முனையையும் பிடித்துத் திருகிக் காட்டினார். பெட்டி முறுக்கிக்கொண்டது. "மூடி இருந்தா இப்படித் திரும்பாது. ஆனா லோடு வண்டி சேசிஸ் கொஞ்சம் திரும்பணும்ணே. ஒரு சக்கரம் பள்ளத்துல எறங்கி, ஒரு சக்கரம் மேட்டுல ஏறுறப்போ அது முறுக்கிக் குடுக்கணும். அதுக்குத்தான் சானலை ஒருபக்கம் தொறந்தாப்புல வச்சிருக்கான். நம்மாளுக என்ன செய்வாங்க? பலமா இருக்கட்டும்னு அதுமேல பட்டையா ஒரு பிளேட்டை வச்சு நேர்கோடா வெல்டு அடிச்சு விடுவாங்க. பிளேட்டு இருக்குற எடம் திரும்பாது. பிளேட்டு முடியுற எடத்துல அம்புட்டு முறுக்கும் வந்து விழும். கிராக்கு அங்கதான் ஆரம்பிக்கும்."

"அப்ப பிளேட்டே வைக்கக் கூடாதா?"

"வைக்கலாம். முனையைச் சாய்வா வெட்டி வைக்கணும். ஓரத்துல சூடு காட்டக் கூடாது. அப்படி வச்சாலும் எனக்கு ரெண்டு நாளைக்குத் தூக்கம் வராது."

அவர் வாடிக்கையாளர்களைத் திருப்பி அனுப்புகிற அழகை அங்கே உட்கார்ந்து பலதடவை பார்த்திருக்கிறேன். ஒருமுறை கட்டடச் சாமான் ஏற்றுகிற ஒருவர் வந்தார். மணல் கூடுதலாக ஏற்ற வேண்டும், பின்பக்க ஸ்பிரிங்கில் இன்னும் மூன்று பட்டை சேர்த்துக் கொடு என்றார். மீசைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஸ்பிரிங்கு தாங்கும்ணே. அதைச் சுமக்குற சேசிஸு தாங்குமான்னு தெரியல. எனக்குப் பயமா இருக்கு. வேற ஆளப் பாருங்க."

"உனக்கென்னய்யா பயம்? ஓட்டப் போறது நானு."

"ஆமாண்ணே. அதுக்குத்தான் பயப்படுறேன்."

வந்தவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். அது தப்பு என்று இவர் சொல்லியிருந்தால் அவர் பத்து நியாயம் பேசியிருப்பார். விதி, சட்டம் என்று பேசியிருந்தால் சண்டைக்கே வந்திருப்பார். பயமாக இருக்கிறது என்று கையைக் கட்டி நிற்கிற ஆளிடம் என்ன வாதாடுவது? எந்த ஊர்ப் பஞ்சாயத்தாலும் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

இவ்வளவு பயத்துக்கும் ஏதோ ஒரு கதை இருக்க வேண்டும் என்று நான் நினைத்தேன். இவர் ஒட்டிய வண்டி எங்காவது ஒடிந்திருக்கும், யாரோ போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று நானாகவே கற்பனை செய்து வைத்திருந்தேன். ஒரு மத்தியானம் மெதுவாகக் கேட்டும் விட்டேன். அவர் யோசித்துப் பார்த்தார். "அப்படியெல்லாம் ஒண்ணும் நடக்கலண்ணே. பொறந்ததுலேர்ந்தே இப்படித்தான்" என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி, "கல்யாணத்தன்னைக்கு மணவறையில கை நடுங்கி மூணு முடிச்சுல ரெண்டுதான் விழுந்துச்சு. மூணாவதை இவரு அக்காதான் போட்டாங்க" என்று சிரித்தார். அவரும் சேர்ந்து சிரித்தார்.

அந்த வருஷம் மாசி சிவராத்திரி வந்தது. எங்கள் குலசாமி கோயில் டி. கல்லுப்பட்டி தாண்டி, தார்ச்சாலையிலிருந்து பிரிகிற மண்பாதையில் உள்ளே போக வேண்டும். முந்தைய வருஷங்களில் வேன் பிடித்துப் போவோம். இப்போதுதான் சொந்த வண்டி இருக்கிறதே. லோடு வண்டியில் ஆளை ஏற்றக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சிவராத்திரிக்கு எங்கள் பக்கத்துச் சாலைகளில் போகிற லோடு வண்டிகளைப் பார்த்தால், அப்படி ஒரு சட்டம் இருப்பதாகவே தோன்றாது. நாங்களும் ஏறினோம். காலை ஒன்பது மணிக்குச் செல்லூரிலிருந்து கிளம்பும்போது வண்டியில் பெரியவர்களும் பிள்ளைகளுமாக இருபத்திரண்டு பேர், பொங்கல் பானைகள், விறகு, ஒரு கிடா.

திருப்பரங்குன்றம் தாண்டுவதற்குள் பின்கதவின் கொக்கி ஒன்று விட்டுப்போய்க் கதவு தடதடவென்று அடித்தது. அவர் பட்டறை வழியில்தானே இருக்கிறது, ஒரு பொட்டு வெல்டிங் வைத்துக்கொண்டு போகலாம் என்று நிறுத்தினேன்.

அவர் வெளியே வந்தார். வண்டி நிறைய ஆட்களைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"ஆளுகளை ஏத்திட்டுப் போறீங்களா?"

"குலசாமி கோயிலுக்கு. கொக்கியை மட்டும் பாரு தம்பி. பத்து நிமிஷத்துல விட்ரு."

"முதல்ல எல்லாரையும் எறங்கச் சொல்லுங்கண்ணே. ஒரு தடவை அடியில பாத்துர்றேன்."

வெல்டிங் வைக்க எப்படியும் இறங்கித்தான் ஆக வேண்டும். பெண்கள் வேப்பமர நிழலில் உட்கார்ந்தார்கள். பிள்ளைகள் கிடாவுக்கு வேப்பங்குழை ஒடித்துப் போட்டார்கள். அவர் வழக்கம்போல் கட்டைகளைச் செருகி, தோளால் முட்டி, கொக்கியை விட்டுவிட்டு வண்டிக்கு அடியில் புகுந்தார். டார்ச் வெளிச்சம் மட்டும் அங்குமிங்கும் அலைந்தது. வெகுநேரம் கழித்து வெளியே வந்து, ஒரு கிண்ணத்தில் மண்ணெண்ணெயும் துணியும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு மறுபடி உள்ளே போனார்.

"என்னதான் பண்றான் இவன்?" என்றார் என் பெரியப்பா. எங்கள் குடும்பத்தில் அவர்தான் மூத்தவர். முதல் பொங்கல் எங்கள் வீட்டுப் பொங்கலாக இருக்க வேண்டும் என்ற அவசரம் அவருக்கு.

"அண்ணே, இங்கிட்டு வாங்க" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

நான் குனிந்து பார்த்தேன். கேபினுக்குப் பின்னால், தொட்டி ஆரம்பிக்கிற இடத்தில், இடதுபக்கச் சானலில் பழைய பிளேட் ஒன்று ஒட்டியிருந்தது. அதன் முனையில் பெயின்ட்டைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவி, துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைப் பூசியிருந்தார். வெள்ளைப் பொடியில் தலைமுடி அளவுக்கு ஈரக்கோடு ஒன்று மெல்லக் கிளம்பிக்கொண்டிருந்தது. நான் பார்க்கப் பார்க்க அது நீண்டது.

"கிராக்குக்குள்ள போன மண்ணெண்ணெய் திரும்ப வெளிய கசியுது. பிளேட்டுக்குள்ள எம்புட்டுத் தூரம் போயிருக்குன்னு தெரியல. இது கல்லு ஏத்துன வண்டிண்ணே. கிரானைட் ஏத்தி ஒடிஞ்சத ஒட்டிப் பெயின்ட் அடிச்சு வித்துருக்கான்."

அந்தக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தேன். ஆனால் வெளியே இருபத்திரண்டு பேர். பெரியப்பா வேறு. "எட்டு மாசமா அண்டா தேக்சா ஏத்திட்டுத்தானே ஓடுது. இன்னைக்கு ஒருநாள் மெதுவா ஓட்டிட்டுப் போயிட்டு வந்துர்றேன். நாளைக்கே கொண்டாந்து விட்ருவேன்" என்றேன்.

"பாத்திரம் அசையாம உக்காந்துருக்கும். ஆளுக ஒரே பக்கமா சாய்வாங்க, எந்திரிப்பாங்க. அந்த மண்பாதையில ஒரு பள்ளம் போதும். வேணாம்ணே. எனக்குப் பயமா இருக்கு."

"உனக்கு எதுக்குத்தான்யா பயமில்ல?" என்று பெரியப்பா சத்தம் போட்டார். மரத்தடியில் சிலர் சிரித்தார்கள். பக்கத்துப் பட்டறையிலிருந்தும் இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். அவர்கள் முன்னால் இந்த ஆள் பேச்சைக் கேட்டு எல்லோரையும் நடுரோட்டில் இறக்கி விடுவதா என்று எனக்கு ரோஷம் ஏறியது. அப்போது நான் சொன்னதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

"மீசையை எடுத்துட்டுச் சேலையைக் கட்டிக்க" என்றேன்.

அவர் கீழே பார்த்துக்கொண்டு நின்றார். நானே கட்டைகளை உருவி எறிந்தேன், ஜாக்கியை இறக்கினேன், கற்களைக் காலால் தள்ளினேன். கேபினில் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினேன். இஞ்சின் உறுமியது. எல்லோரும் ஏறுங்கள் என்று கத்தினேன்.

யாரும் ஏறவில்லை. மரத்தடியில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து நின்றார்கள். அவர் மனைவி, "ஐயோ, இவரே... இவரே..." என்று அலறிக்கொண்டு ஓடிவந்தார். என்ன ஆயிற்று என்று எனக்குப் புரியவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். அவரைக் காணவில்லை.

வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். கட்டை இல்லை, கல் இல்லை. கிளம்பி நிற்கிற வண்டியின் பின்சக்கரத்துக்கு முன்னால், சரியாக அது ஏறுகிற இடத்தில், குறுக்கே படுத்திருந்தார். என் கால் கிளட்ச்சில் இருந்தது. கியர் போட்டாயிற்று. காலை எடுத்திருந்தால் போதும்.

சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்தேன். எப்படி இறங்கினேன் என்று நினைவில்லை. குனிந்து பார்த்தால் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். பற்கள் கிட்டித்து, உடம்பு முழுக்க உதறியது. "எடுக்காதீங்கண்ணே... பயமா இருக்கு... எடுக்காதீங்க..." என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வண்டி நின்றுவிட்டது அவருக்குத் தெரியவில்லை.

நானும் பக்கத்துப் பட்டறைக்காரர்களும் சேர்ந்து அவரை வெளியே இழுத்தோம். எழுந்து நிற்க முடியாமல் சுவரோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். மனைவி தண்ணீர் கொடுத்துத் தலையைப் பிடித்துக்கொண்டார். என்னை அந்த அம்மா ஒரு பார்வை பார்த்தார். அதை நான் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

என் மனைவி மரத்தடியிலிருந்து நேராகப் பெரியப்பாவிடம் வந்தாள். அவர் எதிரில் அவள் அதுவரை வாயைத் திறந்ததில்லை. "மாமா, நானும் பிள்ளைகளும் இந்த வண்டியில ஏறல. நீங்க வேணா போங்க" என்றாள். மற்றப் பெண்களும் அவள் பின்னால் வந்து நின்றார்கள். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஆட்டோ ஏதாச்சும் வருதா பாருங்கப்பா" என்றார்.

ஷேர் ஆட்டோக்களில் திருமங்கலம், அங்கிருந்து பஸ்ஸில் கல்லுப்பட்டி என்று ஏற்பாடானது. கிடாவுக்காக மட்டும் தனியாக ஒரு ஆட்டோ பிடிக்க வேண்டியிருந்தது. பெரியப்பா அதைக் கட்டிப்பிடித்தபடி பின்சீட்டில் உட்கார்ந்து போனார். அந்த நிலைமையிலும் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நான் போகவில்லை. எனக்கு அதைப் பார்த்தாக வேண்டும் என்று இருந்தது. உண்மையைச் சொன்னால், அவர் சொன்னது தப்பாக இருக்க வேண்டும், கோடு நான் பார்த்த அளவோடு நின்றிருக்க வேண்டும், வீணாக இத்தனை ரகளை என்று ஆக வேண்டும் என்று என்னுள் ஒரு மூலை ஆசைப்பட்டது.

மத்தியானம் அவர் எழுந்து வந்தார். செயின் கப்பியால் தொட்டியைத் தூக்கி நகர்த்தினோம். சானலுக்கு நடுவில் ஜாக்கியால் முட்டுக் கொடுத்துவிட்டு, அந்தப் பழைய பிளேட்டை அறுத்து எடுத்தார். பிளேட் கீழே விழுந்தது. விரிசல் சானலின் அடி ஓரத்தில் ஆரம்பித்து, பக்கவாட்டில் முழுக்க ஏறி, மேல் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. உள்பக்கம் துருவேறிச் சிவந்திருந்தது. மேல் ஓரத்து இரும்பு மட்டும்தான் இரண்டு துண்டையும் பிடித்து வைத்திருந்தது. அவர் முட்டுக் கொடுத்திருந்த ஜாக்கியை அரை அங்குலம் இறக்கினார். விரிசல் வாயைத் திறந்தது. என் சுண்டுவிரல் உள்ளே போனது.

நான் விரலை எடுக்காமல் அப்படியே நின்றேன். கேபினுக்கு நேர் பின்னால் இருந்த இடம் அது. காற்று முகத்தில் அடிக்கும் என்று என் மகள் அடம்பிடித்துப் பிடித்திருந்த இடம். அதே சானலுக்கு மேலே, கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றுதான் வந்தாள்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்றும் சொல்லலாம். அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நடுக்கம் அவருக்கு இன்னும் முழுதாக விடவில்லை.

"தம்பி, நான் சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"விடுங்கண்ணே."

"அதில்ல, அத்தனை பேர் முன்னாடி..."

"வலிச்சதுண்ணே" என்றார். "நான் பயந்தவன்தான். எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்தச் சேலைப் பேச்சு வேணாம். என் பொண்டாட்டிதான் எனக்கும் சேத்து நாய விரட்டுது. சேலை கட்டுனவங்களுக்குத்தான் இங்க தைரியம்."

பிறகு, "வீட்டு ஆளுக கோயிலுக்குப் போயிச் சேந்துட்டாங்களான்னு கேளுங்க" என்றார். என் மனைவிக்குப் போன் போட்டேன். கோயிலுக்கு வந்துவிட்டோம், அடுப்புக்குக் கல் தேடிக்கொண்டிருக்கிறோம், கிடா அரளியைத் தின்னப் பார்த்தது, சின்னவளுக்குச் செருப்பு ஒன்று தொலைந்துவிட்டது என்று ஒரே மூச்சில் சொன்னாள். அவ்வளவையும் ஸ்பீக்கரில் போட்டு அவரையும் கேட்க வைத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்தார். அன்று முதல்முறையாக மூச்சை முழுதாக விட்டார் என்று தோன்றியது.

சாயங்காலம் நானும் பஸ் பிடித்துக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தேன். எங்கள் பொங்கல் முதல் பொங்கல் இல்லை; எத்தனையாவது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை. முதல் நாளே அவர் கேட்டபோது தொட்டியைக் கழற்றிப் பார்த்திருக்கலாம். அந்த நினைப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. ஆனால் அன்றைக்கு அந்தத் திடலில் புகைக்கு நடுவே என் ஆட்கள் ஒவ்வொருவராக முகம் தெரிந்தபோது எனக்கு இருந்த நிம்மதி அதைவிடப் பெரியது. கிடாக்கறியில் ஒரு பங்கை மறுநாள் அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என் மனைவியும் வந்தாள். பெண்கள் இருவரும் அன்றே அக்கா தங்கை ஆகிவிட்டார்கள்.

அந்த வண்டியை மறுபடி ஒட்டித் தர அவர் ஒப்புக்கொள்ளவில்லை. நானும் கேட்கவில்லை. சேசிஸ் நம்பரை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறைப்படி ஒப்படைத்து, உடைப்பதற்குக் கொடுத்தேன். அடுத்து வாங்கிய வண்டிக்கு, வாங்குவதற்கு முன்னாலேயே அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். விற்க வந்தவர் அவருடைய உயரத்தையும் மீசையையும் பார்த்து மரியாதையாக நாற்காலி போட்டார். இவர் வண்டிக்கு அடியில் போவதற்குக் கட்டை கேட்டார்.

சில வருஷங்களில் சாலையை அகலப்படுத்தியபோது பட்டறை போய்விட்டது. ஓசூர்ப் பக்கம், லோடு வண்டிகளுக்குச் சேசிஸ் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு போனார். சானல்களை இணைத்து முடித்ததும் ஒவ்வொன்றையும் பார்த்து அனுப்புகிற வேலை. "நல்ல எடந்தாண்ணே. என்ன, நாளெல்லாம் பயப்படணும்" என்று போனில் சொன்னார். அவர் தடுத்து நிறுத்துகிற சட்டங்களைப் பற்றி மேலதிகாரிகள் முணுமுணுப்பார்களாம். ஆனால் வேறு பகுதிக்கு மாற்றவில்லையாம்.

போன வருஷம் எனக்கு நெஞ்சில் அடைப்பு. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மறுநாள் காலையில் குழாய் விட்டு அடைப்பை எடுப்பதாக ஏற்பாடு. எங்கள் வார்டில் அதே சிகிச்சைக்கு நான்கு ஆண்கள் படுத்திருந்தோம். இளவயது டாக்டர் ஒருவர் கட்டில் கட்டிலாக வந்து, "பயமா இருக்கா?" என்று கேட்டார். முதல் ஆள், சேச்சே என்றார். இரண்டாவது ஆள், நமக்கு என்ன பயம் டாக்டர் என்று சிரித்தார். மூன்றாமவர் கையை மட்டும் ஆட்டினார். என்னிடம் வந்தபோது நானும் அதையேதான் சொல்ல வாயெடுத்தேன்.

"ஆமா டாக்டர். ரொம்பப் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டேன்.

என் மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். டாக்டர் போகாமல் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எந்த இடத்தில் ஊசி போடுவார்கள், எவ்வளவு நேரம் ஆகும், எங்கே வலிக்கும், எங்கே வலிக்காது என்று விரல்விட்டுச் சொன்னார். ஒரு மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளாது என்பதை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அவர் உடனே சீட்டில் அதை அடித்து வேறு எழுதினார். பக்கத்துக் கட்டில்காரர்களும் காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில், நமக்கு என்ன பயம் என்றவர், "டாக்டர், எனக்கும் ஒருதடவை அதைச் சொல்லிடுங்க" என்றார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் ஓசூரில் இருக்கிற அவருக்குப் போன் செய்தேன். எடுத்தவுடன், "அண்ணே? நீங்கதான் பேசுறீங்களா?" என்றார்.

"நான்தான் தம்பி. ஏன், விஷயம் உனக்குத் தெரியுமா?"

"அண்ணி அன்னைக்கே இவகிட்டச் சொல்லிட்டாங்க. உங்களுக்கு நாலு தடவை நம்பரைப் போட்டேன். மணி அடிக்கிறதுக்குள்ள கட் பண்ணிட்டேன். வேற யாராச்சும் எடுத்து, வேற ஏதாச்சும் சொல்லிட்டா என்ன பண்றதுன்னு..."

மேலே பேச்சு வரவில்லை. தொழிற்சாலையில் இருந்தார் போலிருக்கிறது. பின்னால் இரும்பை இரும்பில் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

கொஞ்சம் பொறுத்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சாப்பிட்டீங்களாண்ணே?" என்று கேட்டார்.

"இட்லி" என்றேன். "மூணு."

"நல்லா சாப்பிடுங்க" என்றார். சிரித்துவிட்டார்.